மே மாதம் ராமேஸ்வரத்தில் மீனைத் தேடாதீர்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரையில் பாதி வீடு கடல் பார்க்கக் கிளம்பிவிடும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, திருச்செந்தூர். திரும்பி வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், "மீன் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லப்பா, நம்ம ஊர்ல வாங்கிச் சமைக்கிறதே தேவலை" என்பார்கள். கடற்கரை ஊர்களின் கைப்பக்குவத்தின் மேல் போடுகிற இந்தப் பழியில் கொஞ்சமும் நியாயம் இல்லை. தப்பு நாம் போகிற தேதியில் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கரையில் கட்டிப் போட்டுவிடுவார்கள். நாட்டுப்படகு மட்டும்தான் போகும். அது கொண்டுவருவது கொஞ்சம், ஏலத்தில் விலை ஏறிவிடும். சுற்றுலாக் கூட்டம் நெரிகிற ஓட்டல்களுக்கு அது கட்டுப்படி ஆகாது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும் என்பதால், மே முடிகிற வரை அந்தப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்துகொண்டிருக்கும். ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, வேறொரு கடலில் பிடித்துப் பல நாள் ஐஸில் கிடந்த மீனைச் சாப்பிட நேர்வது இப்படித்தான். நம் கோடை லீவு முழுக்க இந்த 61 நாளுக்குள் விழுகிறது.

அப்படியானால் எப்போது போகலாம்? என் கணக்கில் தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுவரை. வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது, கடலும் அடங்கியிருக்கும். தை அமாவாசைக்கும், பிறகு ஆடி அமாவாசைக்கும், சாப்பாட்டை நினைத்து ராமேஸ்வரம் போகாதீர்கள். அந்த நாட்கள் தீர்த்தமாட வருகிறவர்களுக்கானவை, ஊரே திணறும்.

மாதத்தைப் போலவே கிழமையும் முக்கியம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் மீன் குவியும். சனிக்கிழமை மதியம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் சுமார் 170 கிலோமீட்டர், நாலு மணி நேரம். இரவு தங்கிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் கோயிலுக்கு முன் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய பேப்பரையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. மீனவர்கள் கைது, அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் என்று செய்தி வந்திருந்தால் அந்த வாரம் படகு போயிருக்காது.

மீனைப் பார்த்து வாங்கத் தெரியாமல் ஏலக் களத்தில் நின்று பயனில்லை. செவுளைத் தூக்கிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, அதன் மேல் இருக்கும் வழவழப்பு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிக் கொழகொழவென்று இருந்தால் பழசு. பிறகு வயிறு. கெட்டுப்போவது அங்கிருந்துதான் தொடங்கும், குடலில் இருக்கிற செரிமான நீரே சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்ப எழும்ப வேண்டும். சாளை, நெத்திலி மாதிரிச் சின்ன மீனில் வயிறு வெடித்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். ஓடு பெரிதாக, எடை லேசாக இருந்தால் புதிதாகச் சட்டை உரித்த நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்றுப் பக்க மூடி ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகலமாக வளைந்திருந்தால் பெண். சதைக்கு ஆண் நண்டு. இறாலில் தலை கறுத்து, கழுத்து தொளதொளத்தால் விட்டுவிடுங்கள்.

சூரை, அயிலை, சாளை மூன்றையும் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மீன் இல்லை, வெயிலில் கிடந்த மீன்.

கோயில் ரதவீதிகளில் சைவ ஓட்டல்தான் அதிகம். மீனுக்குத் துறைமுகப் பக்கமோ பாம்பன் பக்கமோ போக வேண்டும். நீங்கள் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற சின்னக் கடைகள் உண்டு. கூலியையும், எண்ணெய் யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அங்கே குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். மதுரைப் பக்கப் புளிக்குழம்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் கவளத்தில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், மூன்றாவது கவளத்தில் சரியாகிவிடும். கணவாய் கேட்டால் கூடவே, "ரொம்ப நேரம் வைக்காதீங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் இறக்க வேண்டும். அதைத் தாண்டினால் ரப்பராகி, மறுபடி இளக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போவதுதான் சரி. நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை நிழல் என்று ஒரு மரம்கூடக் கிடையாது, பத்து மணிக்கு மேல் மணல் சுடும். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், சாயங்காலம் சாவகாசமாகப் போகலாம் என்ற திட்டமும் நடக்காது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த சர்ச்சுக்கு அருகே ஓலைக் கொட்டகைகளில் மீன் பொரிக்கிறார்கள். அரிச்சல்முனைக்குப் போகிற வழியில் மீனைக் காட்டிச் சொல்லிவிட்டு, திரும்பும்போது சாப்பிடுங்கள். மசாலா தடவி முன்னாடியே அடுக்கி வைத்திருப்பதை எடுக்க வேண்டாம். சிவப்பு மசாலாவுக்குள் மீன் எப்படி இருக்கிறது என்று தெரியாது. மசாலா போடாத மீனைக் காட்டி, அதை உங்கள் முன்னால் தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள், செய்வார்கள்.

குளிக்கிற ஆசை இருந்தால் தனுஷ்கோடியில் அடக்கிக்கொள்ள வேண்டும். அரிச்சல்முனையில் இரண்டு பக்கக் கடலும் சந்திக்கிற இடத்தில் நீரோட்டம் இழுக்கும். வடக்கே இருப்பதைப் பெண் கடல், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்று அங்கே சொல்வார்கள். ஆனால் ஆண்டு முழுக்க அது அப்படியே இருக்காது. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அடங்கிக் கிடந்த வடக்குக் கடல் சீறும். பிள்ளைகளோடு குளிக்க அரியமான் தேவலை. ராமநாதபுரம் தாண்டி மண்டபம் போகிற சாலையில் இடதுபக்கம் பிரிய வேண்டும். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, வாடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆழமில்லாத, அலையில்லாத தண்ணீர்.

லீவு மே மாதத்தில்தான் கிடைக்கிறது என்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: மீனை மறந்துவிட்டுப் பனையைத் தேடிப் போங்கள். தூத்துக்குடி தாண்டித் திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு. பங்குனி, சித்திரை, வைகாசிதான் அந்த மண்ணின் பருவம். பதநீரைக் காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது. வெயில் ஏற ஏற அந்தக் காப்பும் போதாமல் நுரை கட்டும், வாடை மாறும். பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைத் தோண்டிப் போட்டுத் தருவார்கள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்துப் பட்டையை ஏந்தி, ஓலையின் பச்சை வாசத்தோடு குடிக்கும்போது, இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு உப்புக் கரிப்பு நாக்கில் தட்டும். கருப்பட்டியிலும் தேட வேண்டியது அந்தக் கரிப்பைத்தான். உடைத்த இடத்தில் சீனிக் கற்கள் மாதிரி மினுமினுத்தால் அதில் சீனி கலந்திருக்கிறது. விலை வெல்லத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கலப்படம்தான். நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும், அது குறையில்லை. ஈரம் படாத டின்னில் இறுக்கி மூடினால் போதும்.

மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் நிற்கிற திருச்சிலுவைக் கோயில் 1581-ல் கட்டியது. அங்கிருந்து ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஊரும் தெரிகிற காட்சிக்காகவே திருச்செந்தூரிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் வண்டியை விடலாம்.

தூத்துக்குடிக்கு இரண்டு வழி. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போகிற நான்குவழிச் சாலை வேகம். சாப்பாட்டுக்கு விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழிதான். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய் அந்தப் பெரிய சாலையைப் பிடித்துவிடலாம். என் யோசனை, போகும்போது அருப்புக்கோட்டை, வரும்போது விருதுநகர். காரணம், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா காலைப் பலகாரம் இல்லை. சாயங்காலம் அகலச் சட்டியில் எண்ணெய் காய்ந்து, முதல் ஈடு வெந்து இறங்குகிற நேரத்தில் உட்கார வேண்டும். வந்தவுடன் சூட்டோடு பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் சால்னா ஊற்ற வேண்டும். முழுசாக இருக்கும்போது ஊற்றினால் மேல்பக்கம் ஊறி, அடிப்பக்கம் வறட்டியாக நிற்கும். சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அந்த வழியிலேயே கிடைத்துவிடும். கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடித்தால் டக்கென்று உடைய வேண்டும், பல்லில் ஒட்டினால் பாகு பதம் தப்பியது.

காலைச் சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. வழியில் தேடி அலைந்தால் ஏலத்துக்கும் பதநீருக்கும் நேரம் தப்பிவிடும். நான்கு பேருக்குப் புளிச்சோறு என்றால் அரைக் கிலோ அரிசி, 75 கிராம் பழைய புளி, 150 மில்லி நல்லெண்ணெய். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, சோறு கெடாமல் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கை நிலக்கடலை, பத்து மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, மஞ்சள், உப்புப் போட்டு எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரை கொதிக்க விடுங்கள். அவசரப்பட்டு முன்னாடியே இறக்கினால் தண்ணீர் தங்கிப் பச்சை வாடை வரும், மதியத்துக்குள் சோறு நசநசக்கும். மல்லி இரண்டு ஸ்பூன், எள் ஒரு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், வற்றல் ஐந்து வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவ வேண்டும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, முழுசாக ஆறிய பிறகே பிசைய வேண்டும். கட்டுச்சோறு கெடுவது பெரும்பாலும் சூட்டோடு டப்பாவை மூடுவதால்தான். ஆவி வேர்த்துச் சொட்டி, அந்த ஈரத்தில் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னியும் வெங்காயமும் கூட வேண்டாம். தண்ணீர் சேர்க்காமல் அரைத்த பருப்புத் துவையல் போதும்.

மீன் வாங்கி மதுரைக்குக் கொண்டு வருவதாக இருந்தால் அங்கேயே செவுளையும் குடலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தெர்மோகோல் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ். பெட்டியின் அடிமூலையில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். உருகிய தண்ணீரில் மீன் மிதந்தபடியே வந்தால் சதை வெளுத்து ருசி போய்விடும். பஸ்ஸில் வருகிறவர்கள் பச்சை மீனை விட்டுவிட்டுக் கருவாடு வாங்கலாம். கையில் எடுத்தால் உப்பு உதிர வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. இரண்டு பாலித்தீன் பை போட்டு, நடுவில் பேப்பர் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து ஒரு நாள் வெயிலில் காய வைத்துவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும்.