ஒன்பது மாடுகளில் ஒரு மயிர்

சீன வரலாற்றாசிரியர் சிமா சியானைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட பாட்டைச் சொல்லி, 'இவ்வளவுக்குப் பிறகும் எழுதி முடித்தாரே' என்று வியப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மயிர் நீப்பின் வாழாத கவரிமானைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மானம் போன பிறகு உயிர் எதற்கு என்று கேட்டுப் பழகியவர்கள். சிமா சியான் அதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தார். அவர் செய்ததுதான் சரி என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கி.மு. 99இல் நடந்தது இது. ஹான் பேரரசர் வூ, வடக்கே சியோங்னு நாடோடிகளோடு போரில் இருந்தார். லீ லிங் என்ற தளபதி 5,000 காலாட்களோடு எதிரி நாட்டுக்குள் வெகுதூரம் போய், பல மடங்கு பெரிய குதிரைப்படையிடம் சிக்கி, அம்புகள் எல்லாம் தீர்ந்தபின் சரணடைந்தார். அவரிடமிருந்து நல்ல செய்தி வந்துகொண்டிருந்தவரை கோப்பையை உயர்த்தி வாழ்த்திய பிரபுக்கள், தோல்விச் செய்தி வந்ததும் தூற்றத் தொடங்கினார்கள். பேரரசர் கேட்டபோது லீ லிங்குக்காகப் பேசியவர் சிமா சியான். இருவரும் நண்பர்கள்கூட இல்லை. சேர்ந்து ஒரு கோப்பை மது அருந்தியதில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். ஆனால் அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி, பேரரசரின் காதல் மனைவியாக இருந்தவரின் சகோதரர். அவரை மட்டம் தட்டத்தான் இந்தப் பேச்சு என்று பேரரசர் எடுத்துக்கொண்டார். மரண தண்டனைக்குரிய குற்றம் என்று தீர்ப்பானது.

அதிலிருந்து தப்ப அன்றைய சட்டத்தில் இரண்டு வழிகள் இருந்தன. பணம் கட்டலாம், அல்லது காயடிக்கப்பட ஒப்புக்கொள்ளலாம். வீட்டில் பணம் இல்லை. நண்பர்கள் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. பேரரசருக்கு நெருக்கமானவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒரு இழிவைவிட ஒரு கனவான் சாவையே தேர்ந்தெடுப்பான் என்பதுதான் அந்தக் காலத்தின் எதிர்பார்ப்பு. அவர் காயடிப்பைத் தேர்ந்தெடுத்தார். புண் ஆறும்வரை காற்றுப் படாத வெதுவெதுப்பான அறையில் வைத்திருப்பார்கள். பட்டுப்புழு வளர்க்கும் அறையைப் போன்றது என்பதால் அதற்குப் பட்டுப்புழு அறை என்றே பெயர்.

ஏன் அப்படிச் செய்தார்? சில ஆண்டுகள் கழித்து, சிறையில் சாவை எதிர்பார்த்துக் கிடந்த நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அதில் ஓரிடத்தை நான் எத்தனையோ முறை திரும்பிப் போய்ப் படித்திருக்கிறேன். நான் செத்திருந்தால் அது ஒன்பது மாடுகளிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்த மாதிரிதான் இருந்திருக்கும், கொள்கைக்காக உயிர்விட்டவர்கள் வரிசையில் என்னை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள் என்கிறார். நம் கவரிமானுக்கு ஒரு மயிர்தான் உயிர். இவருக்கோ தன் உயிரே ஒரு மயிர். எல்லாச் சாவும் ஒரே எடை இல்லை, சில 'தாய்' என்ற பெயர்கொண்ட சீனத்துப் பெருமலையைவிடக் கனம், சில இறகைவிட லேசு என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அதே கடிதத்தில்தான் வருகிறது.

அவர் கையில் பாதியில் நின்ற ஒரு வேலை இருந்தது. தந்தையின் பெயர் சிமா தான். மகனைப் போலவே அவரும் அரசவையின் வரலாற்றுப் பதிவாளராக இருந்தவர். கி.மு. 110இல் சாகும் தறுவாயில் மகனின் கையைப் பிடித்து அழுது, தான் எழுத நினைத்த வரலாற்றை மறந்துவிடாதே என்று கேட்டுக்கொண்டார். அதற்குத்தான் மகன் கட்டுப்பட்டார்.

ஆனால் மானத்தை உதறிவிட்டு நிம்மதியாக எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளில் குடல் ஒன்பது முறை புரள்கிறது, வெளியே போனால் எங்கே போகிறேன் என்றே தெரிவதில்லை, இந்த அவமானத்தை நினைக்கும்போதெல்லாம் முதுகு வேர்த்து உடை நனைகிறது என்று எழுதுகிறார். பெற்றோரின் கல்லறை மேட்டுக்கு எந்த முகத்தோடு போவேன் என்று கேட்கிறார். மானத்தின் வலியை இவரைவிட யார் அறிந்திருப்பார்கள்?

அவர் எழுதி முடித்த அந்த வரலாற்று நூலான 'ஷிஜி'யில் மானமா உயிரா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சியாங் யூ என்ற மாவீரன், ஹான் வம்சத்தை நிறுவியவரிடம் தோற்று ஓடி வூ ஆற்றங்கரைக்கு வருகிறான். படகு காத்திருக்கிறது. என்னோடு ஆற்றைக் கடந்து வந்த 8,000 இளைஞர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை, அவர்களைப் பெற்றவர்களின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சொல்லி உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தப் பக்கங்களை எழுதிய கை நடுங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றும். அதே சியாங் யூவின் தளபதி ஜீ பூவுக்கும் ஒரு வரலாறு எழுதியிருக்கிறார். தலைவன் செத்தபின் ஜீ பூவின் தலைக்கு ஆயிரம் பொன் விலை வைக்கிறார்கள். அவர் மொட்டையடித்துக்கொண்டு, கழுத்தில் இரும்பு வளையத்தோடு அடிமையாக விற்கப்படச் சம்மதிக்கிறார். பின்னாளில் ஹான் அரசில் பெயர்பெற்ற அதிகாரி ஆகிறார். தன் திறமையை நம்பியதால்தான் அவர் அந்த இழிவைப் பொறுத்தார், தகுதியுள்ளவன் தன் சாவை மலிவாகக் கொடுக்க மாட்டான் என்று அத்தியாயத்தின் முடிவில் சிமா சியான் எழுதுகிறார். ஜீ பூவுக்காக மட்டும் எழுதிய வரிகளா அவை?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிருக்காக மானத்தை விட்டவர் என்றால் எழுத்திலும் பணிந்திருக்க வேண்டுமே? இல்லை. ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங், பேரரசர் வூவின் கொள்ளுத்தாத்தா. எதிரி துரத்தியபோது வண்டி வேகமாகப் போகட்டும் என்று பெற்ற பிள்ளைகளையே கீழே தள்ளியவர் அவர். உன் தந்தையைக் கொதிக்க வைக்கப்போகிறேன் என்று சியாங் யூ மிரட்டியபோது, எனக்கும் ஒரு கிண்ணம் சாறு அனுப்பு என்றார். இதையெல்லாம் எழுதியவர் அதே வம்சத்தின் ஊழியர். தோற்றுப்போன சியாங் யூவைப் பேரரசர்களின் வரிசையில் வைத்தார். கூலிக்கு உழுதுகொண்டிருந்து கலகம் தொடங்கிய சென் ஷெங்கைப் பிரபுக்களின் வரிசையில் வைத்தார். வியாபாரிகளுக்கும் விதூஷகர்களுக்கும் அத்தியாயம் கொடுத்தார். மொத்தம் 130 அத்தியாயங்கள், 5,26,500 எழுத்துகள். அச்சும் காகித நூலும் இல்லாத காலத்தில்.

புத்தகம் அவர் காலத்தில் பரவவில்லை. ஒரு பிரதியை மலையில் மறைத்து வைப்பேன், இன்னொன்று தலைநகரில் இருக்கும் என்று எழுதியிருந்தார். பேரரசர் சுவான் காலத்தில் அதை வெளியே கொண்டுவந்தவர் அவருடைய மகள்வயிற்றுப் பேரன் யாங் யுன். தாயின் அப்பா எழுதிய நூலாக அதைப் படித்தவர். பிற்காலத்தில் அவரும், எழுதிய ஒரு கடிதத்துக்காகப் பேரரசரின் கோபத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். தாத்தாவையும் பேரனையும் இப்படிச் சேர்த்து நினைக்கும்போது மனசு கனத்துப் போகிறது. நடுவில் இருந்த அந்த மகளைப் பற்றி ஹான் வரலாற்று நூலில் இருப்பது, யாங் யுன்னின் தாய் சிமா சியானின் மகள் என்பது மட்டும்தான். பெயர்கூடச் சொல்லவில்லை.