ஏடிஎச்டி ஆக்களுக்கு "கண்ணை மூடி மனதை அடக்கு" என்று சொல்லாதேங்கோ

கவனக்குறைபாடு, அதுதான் ஏடிஎச்டி, இருக்கிற வளர்ந்த ஆக்களுக்கு ஊரில கிடைக்கிற முதல் புத்திமதி: "காலமை எழும்பி அரை மணித்தியாலம் தியானம் செய்." கொஞ்ச நாளில விட்டிடுவினம். பிறகு சோம்பேறி என்ற பேர் வேற.

அளவுதான் பிழை. 2008இல் வந்த ஆய்வொன்றில, மனநல வைத்தியர் லிடியா சைலோவ்ஸ்காவின்ர குழு கலிபோர்னியாவில ஏடிஎச்டி இருக்கிற 24 பெரியவர்களுக்கும் 8 பதின்ம வயதினருக்கும் எட்டு வாரம் தியானப் பயிற்சி குடுத்தது. தொடக்கம் 5 நிமிஷம், போகப்போக 15. மனம் ஓடுறது தோல்வியில்லை. ஓடிட்டுது என்று பிடிபட்டுத் திருப்பிக் கொண்டுவாற அந்த நொடிதான் பயிற்சியே. இருபது தரம் ஓடினால் இருபது தரம் பழகுறீங்கள்.

இருக்க ஏலாதவை இருக்கத் தேவையில்லை. திருகோணமலை டச்பே கடற்கரை மணலில செருப்பைக் கழட்டி, கண்ணைத் திறந்துகொண்டு, குதி படுறது, விரல் அமத்துறது என்று கவனிச்சு நடந்தால் போதும். அங்க பக்கத்தில கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இன்னும் நல்லம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேற. ஒரு வாளி ஊத்தேக்க தண்ணி முதுகால இறங்குறதையும், முந்தின கிணத்தைவிடச் சூடு கூடவா குறைவா என்றதையும் மட்டும் பாருங்கோ. மனம் பஸ் நேரத்துக்குப் போயிருந்தால் அடுத்த வாளி இழுத்துக்கொண்டு வரும்.

குழம்புற இடம் ரெண்டு. ஒன்று, போனில டைமர் வைக்கிறது. நிப்பாட்டப் போய் முகநூலுக்குள்ள விழுந்திடுவீங்கள். சமையலறை டைமர் வாங்குங்கோ. மற்றது, பயிற்சியையே மறக்கிறது. மறதிதானே வருத்தமே! தேத்தண்ணிக்குக் கேத்தில் வைச்ச உடனே செய்யிறது என்று தினம் நடக்கிற ஒன்றோட கட்டிவிடுங்கோ.

இந்தப் பயிற்சி குளிசைக்குப் பதில் என்று சொல்லுறவையை நம்பாதேங்கோ. 2019இல் வந்த நெதர்லாந்து ஆய்வில, 120 பேரில, வழமையான சிகிச்சையோட இதையும் சேர்த்தவைக்கு, சிகிச்சை மட்டும் எடுத்தவையைவிட அறிகுறி கூடுதலாக் குறைஞ்சது. ஆனா அதுக்கு முதல் வருஷம் வந்த ஜெர்மன் ஆய்வில, நோயைப் பற்றி விளங்கப்படுத்தின வகுப்பைவிட இது மேலாக நிக்கேல்லை. என்னைக் கேட்டால், பக்கபலம். அவ்வளவுதான்.

ஏடிஎச்டி என்றால் 12 வயசுக்கு முதலே அடையாளம் இருந்திருக்க வேணும். இப்பதான் தொடங்கினது என்றால் நித்திரை, தைரொய்ட், மனச்சோர்வு எல்லாத்தையும் முதலில பாக்க வேணும். வைத்தியரிட்டப் போகேக்க பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கோ. ரீச்சர்மார் எழுதின குறிப்பு உதவும்.