வெட்டியாச்சு, அப்புறம்?

போன ஞாயிற்றுக்கிழமை 200 பேர் ஜேசிபியோடு ஒரு சரிவில் நடத்திய 'ஒரே நாளில் உண்ணிச்செடி ஒழிப்பு' படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உண்ணிச்செடி என்பது லேண்டானா, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே புதராக மண்டிக் கிடக்கும் முட்செடி. எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று சாயங்காலம் அந்தச் சரிவுக்கு நேரில் போய்விட்டு வந்த பிறகு மனசு ஆறவில்லை.

வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது பல வருட வேலை. உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் சாகாது, தூரிலிருந்து மறுபடி தழைக்கும். ஜேசிபி விட்டுப் புரட்டினால், மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் விதைகளுக்கு வெயிலும் கிளறிய மண்ணும் நாமே கொடுத்த மாதிரி. அடுத்த மழை முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

அங்கே மூன்று வருடமாக ஆறு பேர் கையால்தான் பிடுங்கிக்கொண்டிருந்தோம். புதர் விலக விலக, யாரும் நடாமலே, பக்கத்து மரங்களின் விதை விழுந்து கன்றுகள் வந்தன. நோட்டில் 41 கன்று எழுதி வைத்திருந்தேன். மிதிபடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி நட்டு சிவப்பு நாடா கட்டியது அம்மா, முட்டிவலியோடு. நேற்று எண்ணினேன். நான்கு. மிச்ச நாடாவெல்லாம் குவியலுக்குள் கிடக்கிறது.

1960-களில் சிட்னியில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் இதைத்தான் செய்து காட்டினார்கள். நாட்டுச் செடி நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கு, மண்ணைக் கிளறாதே, நாட்டுச் செடி பரவும் வேகத்துக்கு மேல் களை எடுக்காதே. இவ்வளவுதான். இதற்கு ஒலிபெருக்கியும் தொப்பியும் தேவைப்படாது.

"சும்மா இருப்பவர்களைவிட ஏதோ செய்தார்களே" என்பீர்கள். 37 கன்று போனதும் அந்த 'ஏதோ'வில்தான் சேர்த்தி.

"வெளியிலிருந்து வந்த செடி என்றாலே உங்களுக்கு வெறுப்பு" என்று ஒருவர். இல்லை. பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் தகவல் தரும் சர்வதேச அமைப்பான ஐ.பி.பி.இ.எஸ் (IPBES) 2023-இல் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். மனிதர்களால் புது இடங்களுக்குப் போய் நிலைத்த உயிரினங்கள் 37,000-க்கு மேல், அவற்றில் கேடு செய்பவை 3,500-க்கு மேல். வந்ததெல்லாம் கெட்டது என்று நாங்கள் என்றைக்குமே சொன்னதில்லை.

பட்டாம்பூச்சி தேன் குடிக்கிறதே, குருவி கூடு கட்டுகிறதே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்கிறோம்! மொத்தத்தையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் அன்றைக்கு அந்தக் குருவி எங்கே போகும்?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாடா கட்டியிருக்கிறதே, யாரோ பார்த்துக்கொள்கிறார்களோ என்று அந்த 200 பேரில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை? இதைச் சொன்னால் பொறாமையாம். மூன்று வருடம் முள் கிழித்த கைக்கு யாரைப் பார்த்துப் பொறாமை?

அம்மா இன்று காலையிலும் கேட்டார், கன்றெல்லாம் எப்படி இருக்கிறது என்று. நாலு நன்றாக இருக்கிறது என்றேன்.