பயிற்சி முறை கருப்பைத் தழும்பைக் காக்காது
“சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் வேண்டுவோர் பிராட்லி முறையில்தான் (மருந்தில்லாப் பிரசவத்தை வலியுறுத்தும் பயிற்சி முறை) பயிற்சி பெற வேண்டும்; அது பழைய அறுவையின் கருப்பைத் தழும்பு பிரியாமல் காக்கும். எபிடூரல் (முதுகுப் பகுதியில் செலுத்தும் வலிநீக்க மருந்து) போட்டால் தழும்பு பிரிவதே தெரியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

தழும்பு பிரியும் அபாயம், முந்தைய அறுவையில் கருப்பை எந்த இடத்தில் எப்படி வெட்டப்பட்டது, அதன்பின் எவ்வளவு காலம் கடந்தது, பிரசவ வலி மருந்தால் தூண்டப்படுகிறதா என்பன போன்றவற்றைச் சார்ந்தது. நாம் எந்த வகுப்புக்குச் சென்றோம் என்பதை அல்ல. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு உள்ளவர்களில் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நிகழ்கிறது. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பைக் கொண்டு உள்ளிருக்கும் வெட்டை ஊகிக்க இயலாது என்பதால், பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை.

தழும்பு பிரிவதை மிகப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது வலியன்று, குழந்தையின் இதயத்துடிப்பில் தோன்றும் மாற்றமே. அதனால்தான் தொடர் கண்காணிப்பு பரிந்துரைக்கப்படுகிறது, எபிடூரலும் மறுக்கப்படுவதில்லை. பிராட்லி முறையை விரும்புவோர், கண்காணிப்புக் கருவியுடன் எழுந்து நடக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். லமாஸ் (மூச்சுப் பயிற்சி), ஹிப்னோபர்த்திங் (ஆழ்ந்த தளர்வுப் பயிற்சி) போன்ற பிற பயிற்சி முறைகள் அச்சத்தைத் தணித்து வலியை எதிர்கொள்ள உதவலாம் (அது சிறிய பயனன்று). முயல்வோரில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காட்டினருக்கே சுகப்பிரசவம் கைகூடுகிறது என்பதால், மீண்டும் அறுவை நேர்ந்தால் எப்படி எதிர்கொள்வது என்பதையும் சொல்லித்தரும் வகுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.