ஊமைக் கரோக்கி

ராயபுரத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நானாச்சே, பாட்டுப் பொறுப்பும் என் தலையில். இலவச கரோக்கி பிளேயர் ஒன்றை இறக்கினேன், சனி அங்கேயே பிடித்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு ஃபைல், எம்பி3-இல் இசை, சிடிஜி-யில் வரிகள், இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் சேர்ந்து ஓடும். மச்சான் பையன் 'நீட்டா இருக்கட்டும் மாமா' என்று ஒன்றுக்கு மட்டும் பெயரை மாற்றி வைத்துவிட்டான். இசை வருது, வரி வரலை.

சரி, வரி வந்த பிறகாவது? படம் மொத்தமே அகலத்தில் 300, உயரத்தில் 216 புள்ளி, 16 நிறம். புரொஜெக்டரில் எழுத்தெல்லாம் பிய்த்துப் போட்ட இடியாப்பம்.

அப்புறம், புத்தி கெட்டுப்போய், அதே பிளேயரை இணைய அழைப்பிதழ்ப் பக்கத்திலும் பொருத்தினேன். விரலால் தட்டினால்தான் சத்தம் விடுவேன் என்கிறது பிரவுசர். காசிமேட்டுச் சித்தப்பா மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்: "இன்னாபா, ஊமைப் படமா?"