உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, ஆனால்...

"ஏட்மெகா 328பி-க்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் இருக்கிறது, கிரிஸ்டலைக் கழற்றி எறியுங்கள், சீரியலில் குப்பை வந்தால் சிப் போலி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஏட்மெகா 328பி என்பது ஆர்டுயினோ போர்டுகளில் வரும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்; அதன் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பைத் தருவது ஆஸிலேட்டர், அந்தத் துடிப்பைத் துல்லியமாக்க வெளியே பொருத்துவது கிரிஸ்டல், சிப் கம்ப்யூட்டரோடு பேசும் வழி சீரியல். உள்ளே ஆஸிலேட்டர் இருப்பது சரி. மற்றதை நம்பி யாராவது நல்ல சிப்பைக் குப்பையில் போட்டுவிடப் போகிறார்கள்.

புது சிப்பில் சிகேடிவ்8 ஃபியூஸ் (துடிப்பை எட்டால் வகுக்கும் செட்டிங்) போட்டே வரும். அதனால் அது ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். நிரலில் 8 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிவிட்டு எல்இடியை ஒரு விநாடி எரியச் சொன்னால் எட்டு விநாடி எரியும். வேகம் இப்படித் தவறினால் சீரியலிலும் எழுத்துகள் குப்பையாகத்தான் வரும்; அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் துல்லியம். உள்ளே இருப்பது ஆர்சி ஆஸிலேட்டர், அதாவது கிரிஸ்டல் இல்லாமல் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் கொண்டு துடிப்பது. ஃபேக்டரியில் 3 வோல்ட், 25 டிகிரியில் அளவு திருத்தியும், டேட்டாஷீட் தரும் உத்தரவாதம் ±10 சதவீதம்தான். வோல்டேஜும் வெப்பமும் மாறினால் அதுவும் நகரும். சீரியல் தொடர்புக்கோ சுமார் 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பல சிப்கள் மேசை மேல் ஒழுங்காகப் பேசும் என்பது உண்மை; அதே போர்டை வெயிலில் வைத்த பெட்டிக்குள் போட்டுப் பாருங்கள். இந்த ஆஸிலேட்டரின் வேகத்தைத் திருத்தும் ஆஸ்க்கால் ரெஜிஸ்டரில் எண்ணை மாற்றி 1 சதவீதம் வரை கொண்டுவரலாம்.

பட்டன், ரிலே, சென்சார் வேலைக்கு உள் ஆஸிலேட்டரே தாராளம், நானும் அப்படித்தான் செய்கிறேன். கடிகாரம் செய்தால் கட்டாயம் கிரிஸ்டல் போடுங்கள்: 1 சதவீதப் பிழை என்றாலே நாளுக்கு 14 நிமிடம் போய்விடும்.