பேக்கர் மூன்று

உலகத்திலேயே பெரிய பனியாறு லாம்பர்ட். கிழக்கு அண்டார்டிகாவில், சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. (நம் செய்தித்தாள்களில் எல்லாமே 'பனிப்பாறை'தான். கடலில் மிதக்கிற கட்டி வேறு, நிலத்தில் நகர்கிற ஆறு வேறு ஐயா!) சரி, யார் இந்த லாம்பர்ட்? துருவத்தில் சறுக்குவண்டி இழுத்தவர் என்று நினைத்திருந்தேன். ஆஸ்திரேலிய அரசின் தேசிய வரைபடத் துறை இயக்குநராம்.

அதற்கு முன்பே அந்த ஆற்றுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதுதான் என் மனத்தாங்கல்.

1946-47இல் அமெரிக்கக் கடற்படை அண்டார்டிகாவுக்கு 'ஹைஜம்ப்' என்ற பெயரில் ஒரு பெரிய பயணம், படையெடுப்பு என்றே சொல்லலாம், நடத்தியது. விமானத்தில் மூன்று கேமராக்கள்: ஒன்று நேர் கீழே, மற்ற இரண்டும் இடமும் வலமும் சாய்வாக. ஒரே சமயத்தில் மூன்றும் சொடுக்கினால் இந்த அடிவானத்திலிருந்து அந்த அடிவானம் வரை படத்தில் விழுந்துவிடும். இப்படி எடுத்தவை ஏறக்குறைய 70,000. ஆனால் தரையில் அளந்து குறித்த புள்ளிகள் இல்லாததால் பெரும்பாலான படங்கள் எந்த இடத்தைக் காட்டுகின்றன என்றே பொருத்திப் பார்க்க முடியவில்லை. அதற்காகவே அடுத்த கோடையில் ஹெலிகாப்டர்களோடு இன்னொரு பயணம் போக வேண்டியதாயிற்று.

1947 மார்ச்சில் இந்தக் கரையோரம் மூன்று முறை பறந்த குழுவின் சங்கேதப் பெயர் 'பேக்கர் மூன்று'. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு 1952இல் ஜான் ராஸ்கோ என்ற புவியியலாளர் ஆற்றின் எல்லையைக் கோடிட்டார். பறந்தவர்களின் பெயரையே அதற்கும் வைத்தார். 1956இல் அமெரிக்கப் பெயர்ப் பட்டியலிலும் அது ஏறியது. அச்சான வரைபடத்தில் மட்டும் உடனே ஏறவில்லை. அதே 1956இல் ஆஸ்திரேலியர்கள் அந்தப் பகுதியை வரைந்தார்கள், மறு வருடம் லாம்பர்ட் என்று பெயரிட்டார்கள். அது நிலைத்துவிட்டது.

ஆஸ்திரேலியர்கள் சும்மா உட்கார்ந்து பெயர் வைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவர்களும் அங்கே போய் வேலை பார்த்தவர்கள்தான். ஆனாலும் எனக்கு 'பேக்கர் மூன்று'தான் பிடித்திருக்கிறது. அந்தக் குளிரில் கேமராவோடு மல்லுக்கட்டியவர், விமானம் ஓட்டியவர், வழி பார்த்தவர் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். தனியாக யாருக்கும் மாலை இல்லை.

அப்புறம், இந்த ஆறு போய்ச் சேர்கிற மிதக்கும் பனித்தட்டுக்குப் பெயர் அமெரி. அவராவது பனியில் நடந்தவரா என்று தேடினேன். 1920களில் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த அதிகாரி!